கொடுத்திருக்க வேண்டும் என்றால், யாரிடமிருந்து எடுத்து?

'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. நீலகிரியில் ஒரு மலை ரயில் நிலையம். மழை. விழுந்து அடிபட்டு, காலை இழுத்துக்கொண்டு, உடம்பெல்லாம் சேறாக ஓடி வருகிறார் கமல்ஹாசன். ரயில் ஜன்னலோரம் ஸ்ரீதேவி. அவளுக்கு நினைவு திரும்பிவிட்டது. திரும்பிய நினைவில் இவன் இல்லை. பெயர் சொல்லிக் கத்திப் பார்க்கிறான். பிறகு இருவரும் சேர்ந்து விளையாடிய குரங்காட்டத்தை ஆடிக் காட்டுகிறான். பானையைத் தலையில் வைத்துக்கொண்டு குதிக்கிறான். ரயில் நகர்ந்துவிடுகிறது.

1982-ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கமலுக்குக் கிடைத்தது. அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் பல வருடங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்த நான், ஒரு நாள் அந்த ரயில் ஜன்னலை மட்டும் பார்ப்பது என்று முடிவுசெய்து உட்கார்ந்தேன். அதுவரை அறியாத ஒன்று அன்றுதான் தெரிந்தது. அந்தப் பெண்ணின் பார்வையில் ஒரு துளி அடையாளம் தெரிந்திருந்தால் போதும், காட்சி செத்துப்போயிருக்கும். முந்தைய காட்சி வரை குழந்தையாக இவன் மடியில் புரண்டவள், இப்போது யாரோ ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள். கொஞ்சம் வேடிக்கை, கொஞ்சம் பரிதாபம், அவ்வளவுதான். கமலின் ஆட்டம் நம்மை உலுக்குவதற்குக் காரணமே அந்த முகத்தில் ஒன்றும் நடக்காததுதான். ஒன்றும் நடக்காமல் முகத்தை வைத்திருப்பது எத்தனை கடினம் என்பதை நடித்துப் பார்த்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

அந்த ஆண்டு சிறந்த நடிகை விருது 'அர்த்' படத்துக்காக ஷபானா ஆஸ்மிக்குப் போனது. 'ஸ்ரீதேவிக்குக் கொடுத்திருக்க வேண்டும்' என்று சொல்பவர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். அவர்களில் 'அர்த்' பார்த்தவர்கள் குறைவு. இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு கொள்கை பிறந்தது. ஒருவருக்கு விருது கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்பவர், அதை யாரிடமிருந்து எடுத்துக் கொடுப்பது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த இன்னொருவரின் படத்தையும் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பாசம். பாசத்தில் தவறில்லை, ஆனால் அதற்குத் தீர்ப்பு என்று பெயர் வைக்கக் கூடாது.

தமிழர்களின் மிகப் பெரிய விருது மனக்குறை சிவாஜி கணேசனைப் பற்றியது. அவருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை என்பது உண்மை. இந்த மனக்குறையில் பாதிக்குக் காலக்கணக்கிலேயே விடை இருக்கிறது. தேசியத் திரைப்பட விருதுகள் 1954-இல் தொடங்கியபோது நடிப்புக்கு விருதே கிடையாது. படங்களுக்குத்தான் கொடுத்தார்கள். 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் நடிகருக்கும் நடிகைக்கும் விருது வந்தது. முதல் ஆண்டு உத்தம் குமாரும் நர்கிஸும் பெற்றார்கள். 'பராசக்தி' 1952, 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959, 'பாசமலர்' 1961, 'கர்ணன்' 1964, 'திருவிளையாடல்' 1965. சிவாஜி என்றதும் நம் நினைவுக்கு வரும் படங்களில் பெரும்பகுதி, விருது என்ற ஒன்று இல்லாத காலத்தில் முடிந்துவிட்டது. கட்டபொம்மனுக்காக 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கி வந்தார். அப்போது டெல்லியில் கொடுப்பதற்கு அப்படியொரு விருது இல்லை.

மீதிப் பாதிக்கு அந்த விடை பொருந்தாது. 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வானது. காயம்பட்டு மீண்டு வந்து சண்முகசுந்தரம் நாகஸ்வரம் வாசிக்க, மோகனா பாட்டிலேயே நலம் விசாரிக்கும் இடம் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். வாசித்தவர்கள் மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் மூச்சை இழுத்துப் பிடிக்கும் கழுத்து நரம்பும், துளைகளின்மேல் ஓடும் விரல்களும், வாசிப்பை நிறுத்தாமலே கண்ணால் சொல்லும் பதிலும் சிவாஜியுடையவை. நடிகர் விருது அந்த ஆண்டு 'ஆஷீர்வாத்' படத்துக்காக அசோக் குமாருக்குப் போனது.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? தேர்வு நடக்கும் விதத்தைத் தெரிந்துகொள்ளாமல் முடியாது. ஒரு ஆண்டின் ஜனவரி முதல் தேதியிலிருந்து டிசம்பர் 31 வரை தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படங்கள்தான் அந்த ஆண்டுக்கான போட்டியில் வரும். தியேட்டருக்கு எப்போது வந்தது என்பது கணக்கில்லை. தயாரிப்பாளர் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்காத படத்தை யாரும் தேடிப்போய்ப் பார்க்க மாட்டார்கள். 'அந்தப் படத்தை ஏன் கண்டுகொள்ளவில்லை' என்ற கேள்விக்கு, படமே போட்டிக்கு வரவில்லை என்பதுகூட விடையாக இருக்கலாம். 57-ஆவது விருதுகளிலிருந்து, அதாவது 2009-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து, இரண்டு கட்டத் தேர்வு நடக்கிறது. ஐந்து மண்டலக் குழுக்கள் முதலில் பார்த்து வடிகட்டுகின்றன. தமிழும் மலையாளமும் ஒரே குழுவின் கீழ் வருகின்றன. டெல்லிக்குப் போவதற்கு முன்பே நம் நடிகர்கள் மலையாள நடிகர்களோடு ஒரே மேசையில் எடை போடப்படுகிறார்கள் என்று பொருள். பிறகு மையக் குழு. மண்டலக் குழுத் தலைவர்களும் அதில் உட்காருவார்கள். அங்கே எடுப்பதுதான் முடிவு.

தமிழ் தெரியாத உறுப்பினர்கள் படத்தை ஆங்கில வசன வரிகளோடுதான் பார்க்கிறார்கள். இதை நாம் போதுமான அளவு யோசிப்பதில்லை. சிவாஜியின் கலையில் பெரும்பங்கு உச்சரிப்பில் இருந்தது. ஒரு வாக்கியத்தை எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லில் குரலை ஏற்றுவது, 'ழ'கரத்தை எப்படி உருட்டுவது என்பதில்தான் அவர் நம் தாத்தாக்களைக் கட்டிப்போட்டார். திரையின் அடியில் ஓடும் இரண்டு வரி ஆங்கிலத்தில் இதில் ஒன்றுமே மிஞ்சாது. மிஞ்சுவது உரத்த குரல் மட்டும்தான். தமிழ் தெரியாதவருக்கு அது மிகையாகத் தெரிந்தால் அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கெய்ரோவில் இருந்தவர்களுக்கும் தமிழ் தெரியாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கட்டபொம்மனின் நிமிர்வும் குரலின் இடியும் மொழியைத் தாண்டிப் போயிருக்கின்றன. அது எல்லாப் படத்திலும் நடக்காது.

மறுபக்கம், வசனமே இல்லாத நடிப்பு எல்லா மொழிக்காரருக்கும் போய்ச் சேர்கிறது. 2003-ஆம் ஆண்டுக்கான விருதை விக்ரம் 'பிதாமகன்' படத்துக்காகப் பெற்றார். சுடுகாட்டில் வளர்ந்த சித்தன் படம் முழுக்கப் பேசுவதே அபூர்வம். உறுமல், ஓரக்கண் பார்வை, கூனிய நடை. கமலின் அந்த ரயில் நிலையக் காட்சிக்கும் மொழிபெயர்ப்பு தேவையில்லை. தகுதியில்லாமல் கிடைத்தது என்று நான் சொல்லவில்லை. உடம்பால் செய்யும் நடிப்புக்கு வழி திறந்திருக்கிறது, நாக்கால் செய்யும் நடிப்புக்கு வழியில் ஒரு சுங்கச்சாவடி இருக்கிறது என்கிறேன்.

1985-க்கு வருகிறேன். எனக்குத் தனிப்பட்ட முறையில் வலிப்பது அந்த ஆண்டுதான். 'முதல் மரியாதை' சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வானது; சிறந்த பாடலாசிரியர் விருது வைரமுத்துவுக்கு. ஆகக் குழு அந்தப் படத்தைப் பார்த்தது, மதித்தது. இதில் சிவாஜி அடுக்குமொழி எதுவும் பேசவில்லை. மிகை என்ற குற்றச்சாட்டுக்கு இடமே இல்லை. இளவட்டக் கல்லைத் தூக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வயதான மனிதர், தூக்க முடியுமா என்ற சந்தேகம் அவருக்கே இருக்கிறது. கல் மேலே போனதும் முகத்தில் ஒரு பெருமிதம் வருகிறது. உடனே அதன் பின்னாலேயே, இந்த வயதில் இதற்கு ஆசைப்பட்டுவிட்டோமே என்ற கூச்சமும் வருகிறது. இரண்டும் ஒரே முகத்தில், ஒன்றை ஒன்று அழிக்காமல். பத்து நொடி இருக்குமா? நடிகர்களுக்குப் பாடமாக வைக்க வேண்டிய பத்து நொடி.

அந்த ஆண்டு விருது பெற்றவர் சசி கபூர், 'நியூ டெல்லி டைம்ஸ்' படத்துக்காக. அரசியல்வாதிகளின் சதியைத் துருவப் போய், தானே அதில் ஒரு காயாக ஆகிவிட்டதை உணரும் பத்திரிகை ஆசிரியர் வேடம். என் கொள்கைப்படி அதையும் பார்த்தேன். நல்ல நடிப்பு, நேர்மையான நடிப்பு. இருந்தும் சொல்கிறேன்: அவரிடமிருந்து எடுத்துச் சிவாஜிக்குக் கொடுத்திருக்க வேண்டும். சசி கபூரின் பாத்திரத்தை இன்னும் இரண்டு மூன்று நல்ல நடிகர்கள் செய்திருக்க முடியும். அந்தக் கிராமத்துப் பெரியவரை வேறு ஒருவர் செய்வதாகக் கற்பனை செய்ய எனக்கு முடியவில்லை.

அதே படத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குயிலாக நடித்த ராதாவுக்கு விருது கிடைத்திருக்க வேண்டும் என்பார்கள். அந்தக் கண்களுக்கும் துடுக்குக்கும் நானும் அடிமைதான். ஆனால் குயிலின் குரல் ராதிகாவுடையது. அந்தக் குரலில் இருக்கும் கரகரப்பையும் கிண்டலையும் எடுத்துவிட்டால் குயிலில் எவ்வளவு மிஞ்சும்? முகம் ஒருவருடையது, மூச்சு இன்னொருவருடையது என்றால் பதக்கத்தை யார் கழுத்தில் போடுவது? தமிழ் சினிமாவில் கதாநாயகிகளுக்கு இரவல் குரல் கொடுப்பது சாதாரண வழக்கமாக இருந்த பல பத்தாண்டுகளில் எத்தனையோ நல்ல நடிப்புகள் இப்படி இரண்டாகப் பிளந்து, இருவரில் யாருக்கும் சேராமல் போயிருக்கின்றன. அந்த ஆண்டு சிறந்த நடிகை விருது 'சிந்து பைரவி'க்காகச் சுஹாசினிக்குக் கிடைத்தது. அதை நான் தொட மாட்டேன்.

இனி, நான் மனம் மாறிய ஆண்டு. 1992. 'தேவர் மகன்' படத்துக்காகச் சிவாஜிக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது அறிவிக்கப்பட்டது. அவர் அதை ஏற்கவில்லை. ரேவதிக்குச் சிறந்த துணை நடிகை விருது. சிறந்த நடிகர் மிதுன் சக்கரவர்த்தி, 'தாஹாதேர் கதா' என்ற வங்காளப் படத்துக்காக. மிதுன் என்றால் டிஸ்கோ ஆட்டம் என்று மட்டுமே தெரிந்த வயதில் எனக்கு இது கொதிப்பாக இருந்தது. சிவாஜியின் பெரிய தேவர் எங்கே, டிஸ்கோக்காரர் எங்கே என்று வருடக்கணக்கில் பேசித் திரிந்தேன். பிறகு ஒரு நாள் படத்தைப் பார்த்தேன். புத்ததேவ் தாஸ்குப்தா இயக்கியது. சுதந்திரப் போராட்டத்துக்காகச் சிறைக்குப் போய், அங்கிருந்து மனநலக் காப்பகத்துக்குப் போய், வெளியே வரும்போது நாடு இரண்டாகப் பிரிந்திருக்கக் காணும் சிவநாத் என்ற மனிதன். மெலிந்து, தாடியோடு, சொந்த வீட்டிலேயே வழி தெரியாதவன்போல் நிற்கிறார் மிதுன். ஆட்டக்காரரின் உடம்பு என்பதற்கு ஒரு தடயம் இல்லை. அன்றோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். பெரிய தேவர் மகத்தான வேடம், ஆனால் படத்தின் நடுவிலேயே இறந்துபோகும் வேடம். அதைத் துணை நடிகர் பிரிவில் வைப்பதா, முதன்மை நடிகர் பிரிவில் வைப்பதா என்று குழு தடுமாறியிருக்க வேண்டும்; மூன்றாவதாக ஒரு வழியைப் பிடித்தது. அந்த வழி சிவாஜியைப் போன்ற ஒருவருக்கு ஆறுதல் பரிசாகப் பட்டதில் வியப்பில்லை.

முதன்மையா துணையா என்ற இந்தக் குழப்பம் இன்றும் தீரவில்லை. 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் திருநங்கை ஷில்பாவாக, விட்டுப்போன மனைவியையும் மகனையும் தேடி வீடு திரும்பிய விஜய் சேதுபதிக்கு 2019-க்கான துணை நடிகர் விருது. பல கதைகள் ஓடும் படத்தில் யார் முதன்மை என்பதற்கு என்ன அளவுகோல்? 2023-க்கான விருதுகளில் 'உள்ளொழுக்கு' மலையாளப் படத்துக்காக ஊர்வசிக்குத் துணை நடிகை விருது அறிவிக்கப்பட்டபோது, எந்த அளவுகோலில் இதைத் துணை வேடம் என்கிறீர்கள் என்று அவரே வெளிப்படையாகக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. விருது வாங்கிய மூத்த கலைஞரே கேட்டதால் அதற்கு எடையும் கூடியது.

அரசியல் பேச்சும் விருதுகளை விட்டதில்லை. 1971-ஆம் ஆண்டுக்கு 'ரிக்ஷாக்காரன்' படத்துக்காக எம்.ஜி.ஆருக்கு விருது கிடைத்தபோது, அன்றைய கூட்டணிக் கணக்கோடு அதை முடிச்சுப்போட்டவர்கள் உண்டு, இன்றும் உண்டு. 2016-க்கு 'ரஸ்தம்' படத்துக்காக அக்‌ஷய் குமார் பெற்றபோது, குழுத் தலைவர் பிரியதர்ஷன் அவரை வைத்துப் பல படங்கள் இயக்கியவர் என்பது விவாதமானது. உள்ளே என்ன பேசினார்கள் என்பது வெளியே தெரியாத அமைப்பில் இப்படிப்பட்ட பேச்சு எழத்தான் செய்யும். இதற்கு நேர்மாறாக எனக்குப் பிடித்த ஒரு சம்பவம் 2018-இல் நடந்தது. ஸ்ரீதேவி பிப்ரவரியில் இறந்தார். ஏப்ரலில் 'மாம்' படத்துக்காக அவருக்குச் சிறந்த நடிகை விருது அறிவிக்கப்பட்டது. குழுத் தலைவர் சேகர் கபூர், அனுதாபத்தால் கொடுத்துவிடக் கூடாது, மற்ற நடிகைகளுக்கு அது அநியாயம் என்று தானே குழுவில் திரும்பத் திரும்ப வாதிட்டதாகவும், அப்படியும் முடிவு ஸ்ரீதேவி பக்கமே வந்ததாகவும் சொன்னார். ஒரு வாதம் நடந்தது என்று தெரிந்ததுமே தீர்ப்பின்மேல் எனக்கு மரியாதை கூடியது.

அதனால்தான் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. ஆஸ்கரில் ஒவ்வொரு நடிப்புப் பிரிவுக்கும் ஐந்து பெயர்கள் முன்கூட்டியே வெளிவருகின்றன. உலகமே அந்த ஐந்து படங்களையும் பார்த்து, வாதாடி, பிறகு முடிவைக் கேட்கிறது. ஒரு பிரிவில் வாக்களிக்க வேண்டுமானால் அந்தப் பிரிவில் உள்ள எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்ற விதியையும் 2025-இல் அறிவித்தார்கள். நம் தேசிய விருதில் அப்படி முன்பட்டியல் கிடையாது. நேரே வெற்றியாளர் பெயர்தான். ஐந்து பேர் பட்டியலை ஒரு மாதம் முன்பே வெளியிட்டால், கன்னடத்துக்காரர் தமிழ்ப் படத்தையும் நாம் மராத்திப் படத்தையும் தேடிப் பார்ப்போம். விருது முடிந்தபின் பொருமுவதைவிட அது எவ்வளவோ மேல்.

2022-க்கான விருது வந்தபோது 'கார்கி' சாய் பல்லவிக்கு ஏன் இல்லை என்று பலர் கொதித்தார்கள். என் மனமும் அங்கேதான் இருந்தது. சிறுமியைச் சீரழித்த வழக்கில் கைதான அப்பாவை மீட்க அலையும் பள்ளி ஆசிரியை. அவள் எதை நம்புகிறாள், எதை நம்ப மறுக்கிறாள் என்பதை வசனமில்லாமலே காட்டிக்கொண்டு போகிறார். விருதோ 'திருச்சிற்றம்பலம்' நித்யா மேனனுக்கு, குஜராத்திப் படமான 'கட்ச் எக்ஸ்பிரஸ்' மானசி பாரேக்கோடு பகிர்ந்து. முதல் நாள் எனக்கும் வருத்தம். பிறகு பழைய பட்டியலை எண்ணிப் பார்த்தேன். 'பசி' ஷோபா, 'வீடு' அர்ச்சனா, 'பருத்திவீரன்' பிரியாமணி, 'தென்மேற்குப் பருவக்காற்று' சரண்யா. தமிழ்ப் படத்தில் ஒரு பெண்ணுக்கு இந்த விருது கிடைக்க வேண்டுமானால் அவள் படத்தில் பட்டினி கிடக்கவோ, சீரழியவோ, சாகவோ வேண்டும் என்பது ஏறக்குறைய எழுதப்படாத சட்டமாகவே இருந்திருக்கிறது. ஒரே குடியிருப்பில் வசிக்கும், நித்யா மேனன் நடித்த தோழி ஷோபனா, காதலைச் சொல்லாமல் கேலியில் மறைத்துக்கொண்டு, நண்பன் வேறு பெண்களைப் பற்றிக் கேட்கும் யோசனைகளுக்குச் சிரித்தபடி பதில் சொல்கிறாளே, அந்தச் சிரிப்பு கண்ணுக்கு எட்டுவதற்குக் கால் நொடி தாமதமாவதைக் கவனித்தால் அது எவ்வளவு நுட்பமான வேலை என்று புரியும். சாய் பல்லவிக்குத்தான் என் ஓட்டு. ஆனால் நித்யா மேனனுக்குக் கொடுத்தவர்கள் அபூர்வமான ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதையும் மறுக்க மாட்டேன்.

கடைசியாக ஒரு பெயர். இதை யாரும் கொடி பிடித்துக் கேட்பதில்லை. 1987-க்கான விருதுகளில் 'நாயகன்' கமலும் 'வீடு' அர்ச்சனாவும் முதன்மை விருதுகளைப் பெற்றார்கள். இரண்டும் தமிழுக்கே வந்த பெருமையில் 'வீடு' படத்தின் தாத்தாவை மறந்துவிட்டோம். சொக்கலிங்க பாகவதர், நாடக மேடையிலிருந்து வந்த முதியவர். துணை நடிகர் விருது அந்த ஆண்டு 'ருதுபேதம்' மலையாளப் படத்துக்காகத் திலகனுக்கு. திலகனிடமிருந்து எடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2010-க்கான சிறந்த நடிகர் விருதைத் தனுஷும் சலீம் குமாரும் பகிர்ந்துகொண்டதுபோல் பகிர்ந்து கொடுத்திருக்கலாம் என்பேன்.

பேத்தி கடன்பட்டுக் கட்டிக்கொண்டிருக்கும் பாதி வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாகக் கிளம்பி வருவார். வசனம் இல்லை. இளையராஜாவின் இசை மட்டும். பூசாத சுவரைத் தடவிப் பார்ப்பார். கதவில்லாத வாசல் வழியாக ஒவ்வொரு அறையாக நுழைவார். நடிகர் ஒருவர் நடந்துபோகிறார் என்ற எண்ணமே வராது. வாடகை வீடுகளிலேயே வயதைக் கழித்த ஒரு கிழவர், கையைச் சுவரிலிருந்து எடுக்க மனமில்லாமல் நிற்பார். திரும்பும் வழியில் இறந்துபோவார்.